கேரவனோடு நாலு வருடம்: இழுவைத் திறன் சொல்லாத எடைக் கணக்கு

மெல்பேர்னில் கேரவன், அதாவது காரின் பின்னால் கோத்து இழுத்துப்போகும் வீட்டு வண்டி, வாங்கி நாலு வருடம் ஆகிறது. 18 அடி, இரட்டை அச்சு, நாலு பேர் படுக்கலாம். மெத்தை எப்படி, அடுப்பு எப்படி என்றெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது எடையைப் பற்றி. வாங்கிய அன்று என் காதில் விழுந்த ஒரே எடைக் கணக்கு, “உங்கள் கார் 3,000 கிலோ இழுக்கும், கேரவன் 2,400தான், தாராளம்” என்று விற்பனையாளர் சொன்னது. பொய் இல்லை. ஆனால் இந்த நாலு வருடத்தில் அந்த ஒப்பீட்டால் எனக்குத் தொந்தரவே வரவில்லை. தொந்தரவு தந்தது முழுக்க அவர் வாய் திறக்காத எண்கள்.

கேரவனின் எடை விவரத் தகட்டில் டேர் (வெறும் வண்டியின் எடை) 2,010, ஏடிஎம் 2,400 என்று இருக்கிறது. (பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை. காரிலிருந்து கழற்றித் தனியாக நிறுத்தினால் கேரவன் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயர்.) இரண்டுக்கும் நடுவே 390 கிலோ. ‘அடேயப்பா, வீட்டையே ஏற்றலாம்’ என்றுதான் நினைத்தேன். டேர் எடை போடும்போது தண்ணீர்த் தொட்டி காலி, சிலிண்டரும் காலி என்பது யாருக்குத் தெரியும்? எங்களுக்கு 95 லிட்டர் தொட்டி இரண்டு. நிரப்பினால் 190 கிலோ போய்விட்டது. 9 கிலோ கேஸ் இரண்டு, இன்னொரு 18. போதாததற்கு, தகடு அடித்த பிறகு நான் கேட்டு மாட்டிய சோலார் தகடும் கூடுதல் பேட்டரியும் 46 கிலோ. மிச்சம் 136. ஆளுக்கு 34 கிலோ! சென்னைக்கு விமானத்தில் போனாலே ஏறக்குறைய அவ்வளவு பெட்டி கிடைக்கிறது. அதில் குக்கரையும் போர்வையையும் மடக்கு நாற்காலியையும் கூடாரத் துணியையும் எண்ணச் சொல்வதில்லை.

முதல் வருடம் இது எதுவும் தெரியாமலே ஓட்டினேன். பொது எடை மேடைக்குப் போனதே ஒரு நண்பர் விரட்டியதால்தான். கேரவனைக் கழற்றி மேடையில் தனியாக நிறுத்தியபோது 2,470 காட்டியது. வரம்புக்கு மேல் 70 கிலோ. என் மனைவி டேபிள் டாப் கிரைண்டரைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “இதை இறக்கச் சொன்னா நானும் இங்கேயே இறங்கிக்கிறேன்” என்றாள். என் கருவிப்பெட்டி அதைப் போல மூன்று மடங்கு எடை என்பதால் மேற்கொண்டு நான் பேசவில்லை.

மேடைக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு எடை எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். கோத்தபடியே முதலில் காரின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்துங்கள், அடுத்து கேரவனின் சக்கரங்களை மட்டும். அப்புறம் கழற்றி, கேரவனை முன் சிறுசக்கரத்தோடு முழுதாக நிறுத்துங்கள். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பால் வெயிட், அதாவது கேரவனின் மூக்கு காரின் கொக்கியில் அழுத்தும் எடை. எங்களுக்கு அது 220. இந்த ஊரில் கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்பார்கள், ஆக அது சரி.

ஆனால் அந்த 220 கிலோவும் கார் சுமக்கும் சாமான்தான்! இது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. காரின் ஜிவிஎம், அதாவது ஆளும் சாமானுமாக அது தொடக்கூடிய உச்ச எடை, 2,990. வெறும் கார் 2,330. மிச்சம் 660. அதில் நாங்கள் நாலு பேர் 205, பால் வெயிட் 220, முன் தடுப்புக் கம்பி, இழுவைக் கொக்கி, கூரைச் சட்டம், பின்னால் குளிர்பெட்டி எல்லாம் சேர்த்து 155. கடைசியில் கையில் நிற்பது 80 கிலோ. 3,000 கிலோ இழுக்கும் காருக்கு 80 கிலோ! போதாக்குறைக்கு, கொக்கி பின் அச்சுக்கு வெகுதூரம் பின்னால் இருப்பதால் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிவிடும். பின் அச்சில் ஏறும் பாரம் 220 இல்லை, 300க்கும் மேல். கொக்கியில் அழுத்தும் எடையை முன் அச்சுக்கும் பகிரும் கம்பிகள் மாட்டியிருக்கிறேன். முன் சக்கரம் மறுபடி தரையை நன்றாகப் பிடிக்கிறது, ஸ்டீயரிங் லேசாக ஆடியதும் போச்சு. ஆனால் அதை மாட்டினால் வரம்பு கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரு கிலோகூடக் கூடாது.

இனி என் முட்டாள்தனம். இரண்டாம் வருடம் பிரைட் என்ற மலைப்பக்க ஊருக்குப் போய்விட்டு, ஹியூம் நெடுஞ்சாலையில் மெல்பேர்ன் திரும்பிக்கொண்டிருந்தோம். நாலு சைக்கிளும் கேரவனின் பின் பம்பரில். லேசான இறக்கம், வேகம் 95. ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. கேரவன் வாலை ஆட்ட ஆரம்பித்தது; ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. கால் தானாகவே பிரேக்குக்குத்தான் போகும். காரின் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் மோசமாகும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. ஆக்சிலரேட்டரை விட்டு, கேரவன் பிரேக்கை மட்டும் பிடிக்கும் பொத்தானை அழுத்தினேன். நாலைந்து நொடியில் அடங்கியது. பின் இருக்கையில் பிள்ளைகளிடம் சத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து பால் வெயிட் அளக்கும் சிறு தராசை வைத்துப் பார்த்தால் 120. நூறு கிலோ எங்கே போனது? சைக்கிளும் தாங்கியும் 80 கிலோ, அச்சுக்கு மூன்று மீட்டருக்கும் மேல் பின்னால். சீசா பலகையில் கோடியில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி மூக்கைத் தூக்கிவிட்டது. அதோடு நாங்கள் தங்கியது வசதி எதுவும் இல்லாத காட்டு முகாம். அச்சுக்கு முன்னால் இருக்கும் தொட்டியைக் குடித்துக் குளித்துத் தீர்த்துவிட்டோம், அதே தண்ணீர் கழிவாகிப் பின்னால் இருக்கும் தொட்டியில் சேர்ந்துவிட்டது. கிளம்பும்போது சரியாக இருந்த கேரவன் திரும்பும்போது வேறு கேரவன். இப்போது சைக்கிள் காரின் கூரையில் (அந்த 80 கிலோ மிச்சத்தில்தான் கழிகிறது, அதனால் கார் டிக்கியில் துணிப்பை கிடையாது). புறப்படும் ஒவ்வொரு காலையும் தராசு வைக்கிறேன், ஐந்து நிமிட வேலை. பின்பக்க அலமாரியில் தலையணையும் சிப்ஸ் பாக்கெட்டும் மட்டும். கனமானவை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக.

மோட்டார்ஹோம் (எஞ்சினோடு தானே ஓடும் வீட்டு வண்டி) வைத்திருக்கும் நண்பருக்குப் பால் வெயிட் தொல்லை இல்லை. கார் உரிமத்தில் 4.5 டன் வரை ஓட்டலாம் என்பதால் அவருடையதும் அதை ஒட்டிய வண்டிதான். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் தாண்டியிருந்தது, பின்னால் தொங்கும் சாமான் அறையால்.

கேரவனில் குறை சொல்ல வேண்டுமானால் ஒன்றுதான்: இத்தனை பெரிய அலமாரிகளை வைத்துவிட்டு 390 கிலோ என்று தகடு அடிப்பது. இடம் இருக்கிறதே என்று கை போகத்தான் செய்யும். மற்றபடி இழுக்க நல்ல வண்டி, மழையில் ஒழுகியதில்லை.

அடுத்த வருடம் நல்லார்பர் சமவெளியைக் கடந்து பெர்த் போகத் திட்டம். வழியில் தண்ணீர் அரிது, இரண்டு தொட்டியும் நிரம்பியே போக வேண்டும். இறக்க வேண்டிய சாமான் பட்டியலை மனைவி எழுதியாகிவிட்டது. கருவிப்பெட்டி முதல் வரியில் இருக்கிறது. கிரைண்டர் பட்டியலிலேயே இல்லை.