போடாக்ஸா, ஃபில்லரா?

கோயமுத்தூர்ப் பக்கம் தோல் கிளினிக் பலகைகளில் முகச் சுருக்கத்துக்குப் போடும் இந்த இரண்டு ஊசிகளையும் அடுத்தடுத்து எழுதியிருப்பதால் பலரும் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலையே வேறுங்க.

கண்ணாடி முன்னால் முகத்தை அசைக்காமல் பாருங்கள். சுளித்தால் மட்டும் புருவத்துக்கு நடுவே விழுகிற கோடு, சிரித்தால் மட்டும் கண்ணோரம் வருகிற கோடு என்றால் போடாக்ஸ். நரம்பு தசைக்கு அனுப்பும் சமிக்ஞையைத் தடுத்து அது தசையைத் தளர்த்துகிறது. சும்மா இருக்கும்போதே கன்னம் ஒட்டி, மூக்கோரத்திலிருந்து வாய்வரை மடிப்பு இறங்கியிருந்தால் அதற்கு போடாக்ஸ் போட்டுப் பயனில்லை, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர்தான்.

போடாக்ஸ் 3, 4 மாதம் நிற்கும். ஃபில்லர், வகையையும் இடத்தையும் பொறுத்து, 6 முதல் 18 மாதம்.

வீட்டில் முகூர்த்தம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: போடாக்ஸ் முழுசாகத் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஃபில்லர் உடனே தெரியும், ஆனால் வீக்கமும் கன்றிப்போன நீலமும் சேர்ந்தே தெரியும், அதனால் சீர் செய்கிற வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

ஆபத்து என்று பார்த்தால் எனக்கு ஃபில்லர்தான் பயம். போடாக்ஸில் இமை தொங்கினால் மாற்று மருந்து கிடையாது, ஆனாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். ஹையலூரானிக் அமிலம் என்ற ஜெல் வகை ஃபில்லரை ஹையலூரானிடேஸ் ஊசியால் கரைக்க முடியும். அந்தக் கரைக்கும் ஊசி கைவசம் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால், அல்லது ஊசி போடப்போவது அழகுநிலையப் பெண்தான் என்றால், எழுந்து வந்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இரண்டுமே வேண்டாம்.