பூனையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

சென்னையில் வீட்டுக்கே வந்து பூனையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடும் ஒருவரிடம் நன்றாக ஏமாந்துவிட்டு எழுதுகிறேன்.

நாத்தனார் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. இடம் மாறினால் பூனை மிரண்டு சாப்பாட்டையே விட்டுவிடும் என்பதால் போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) விட வேண்டாம் என்று இவரைப் பிடித்தோம். காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைத்து, தண்ணீர் மாற்றி, லிட்டர் (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் டப்பாவில் இருக்கும் மணல்) அள்ளிவிட்டுப் போக வேண்டும். நாளுக்கு 600 ரூபாய், மொத்தத்தையும் முதலிலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்.

தினமும் போட்டோ வந்தது. என் கணவர்தான் கண்டுபிடித்தார், சாயங்காலம் அனுப்பிய படத்திலும் கிழக்கு ஜன்னல் வெயில் சோபா மேல் விழுந்துகொண்டிருந்தது! வீடியோ கால் கேட்டால் "சிக்னல் இல்ல மேடம்". வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டில் இருக்கும், வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டைப் பார்க்கச் சொன்னோம். முதல் நாளோடு சரி, அப்புறம் அந்த ஆள் வரவே இல்லை. எல்லாப் படமும் அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டது.

ராத்திரி பஸ் பிடித்து ஓடி வந்தோம். தட்டில் மலை மாதிரி கொட்டிய சாப்பாட்டில் எறும்பு, தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. எங்கள் கடுவன் லிட்டர் டப்பாவில் குந்திக்கொண்டு முக்கி முக்கிக் கத்துகிறான், ஒரு சொட்டு வரவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சிறுநீர்ப் பாதை அடைப்பு, டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர் வெளியே வரும் குழாய் ரொம்பக் குறுகலானது, முழுசாக அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் உயிரே போய்விடும். லிட்டர் அள்ளுவது நாற்றத்துக்காக மட்டும் இல்லைங்க, சிறுநீர் பட்டு மணல் கட்டியானது எத்தனை இருக்கிறது என்று பார்த்தால்தான் பூனை சிறுநீர் போகிறதா என்றே தெரியும். அதற்குத்தான் காசு கொடுத்து ஆள் வைத்தோம்.

போன் செய்தால், "பூனைதானே மேடம், சாப்பாடு வெச்சா தானா இருக்கும்" என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக். சாவியும் அவரிடமே இருந்ததால் அன்றைக்கே பூட்டை மாற்றினோம்.

போட்டோவை நம்பாதீர்கள். வந்த உடனே லிட்டர் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், பாதிப் பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள், அதற்குச் சம்மதிக்காதவரிடம் சாவியைக் கொடுக்கவே வேண்டாம். அவருடைய பக்கம் இன்னும் ஓடுகிறது, 'மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' என்று எங்கள் பூனையின் படத்தையும் போட்டிருக்கிறார்.