காலியான ஸ்டாண்டில் சைக்கிளைக் கொண்டுபோய் விடுவது: இரண்டு வருட அனுபவம்

இரண்டு வருடமாக நான் வேலைக்குப் போய் வருவது பகிர்வு சைக்கிளில்தான், அதாவது ஒரு ஸ்டாண்டில் வாடகைக்கு எடுத்து இன்னொரு ஸ்டாண்டில் விட்டுவிடும் பொதுச் சைக்கிளில். காலை எட்டரை ஆனால் வீட்டுப் பக்கத்து ஸ்டாண்டில் ஒரு வண்டிகூட இருக்காது, அலுவலகப் பக்கத்து ஸ்டாண்டில் விடுவதற்கு இடம் இருக்காது. இரண்டில் பின்னதுதான் பெரிய தொல்லை. வண்டி கிடைக்காவிட்டால் பஸ் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் வண்டியை வைத்துக்கொண்டு ஸ்டாண்டு ஸ்டாண்டாக அலையும்போது வாடகை நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிரம்பிய ஸ்டாண்டிலிருந்து வண்டிகளை நிறுவனத்தின் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகட்டும் என்றால், நெரிசல் நேரத்தில் அந்த வேனும் நம்மோடு சிக்னலில்தான் நிற்கிறது.

அப்புறம் செயலியில் புள்ளி கொடுக்க ஆரம்பித்தார்கள். நிரம்பிய ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் புள்ளி, காலி ஸ்டாண்டில் விட்டால் புள்ளி, அது சேரச் சேர சந்தா நாட்கள் கூடும். ஐந்து நிமிட நடைக்கு மேல் சுற்றுவதில்லை என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். அதனால்தான் இன்னும் சலிக்காமல் செய்ய முடிகிறது.

அதிகப் புள்ளி மேட்டு ஸ்டாண்டுக்குத்தான். இறக்கத்தில் எல்லோரும் ஜாலியாக வந்துவிடுவார்கள், திரும்ப ஏற்ற ஆள் இருக்காது. பாரிஸில் 2007-இல் தொடங்கிய வெலிப் திட்டத்திலும் இதே சிக்கல்தான். மேட்டு நிலையங்களில் விடுகிறவர்களுக்கு 15 நிமிட இலவச ஓட்ட நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் மாலை நான் எங்கள் ஊர் மேட்டு ஸ்டாண்டில் ஏற்றிவிட்ட வண்டியை மறுநாள் காலையில் ஒரு பெண் எடுப்பதைப் பார்த்தேன். நான் உயர்த்தி வைத்திருந்த சீட்டை இறக்கி, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அந்த ஸ்டாண்டில் அப்போது இருந்தது அந்த ஒரே வண்டி. புள்ளியைவிட எனக்கு அதுதான் பெரிசு.

குறைகளும் உண்டு. பழுதான வண்டியின் சீட்டைப் பின்பக்கம் திருப்பி வைப்பது எங்களுக்குள் ஒரு சைகை. மூன்று வண்டி இருப்பதாகச் செயலி காட்டும், போய்ப் பார்த்தால் மூன்றின் சீட்டும் திரும்பி இருக்கும். கணக்குப்படி அந்த ஸ்டாண்டு காலி இல்லை, அதனால் அங்கே நல்ல வண்டியைக் கொண்டுபோய் விட்டாலும் புள்ளி கிடையாது! பழுதைப் பதிவு செய்கிறவருக்கும் புள்ளி கொடுத்தால் இந்தக் கணக்கு தானாகவே நேராகும்.

நியூயார்க்கில் 2016-இல் சோதனையாகத் தொடங்கிய பைக் ஏஞ்சல்ஸ் என்ற, இதே மாதிரி சைக்கிளை இடம் மாற்றுகிறவர்களுக்குப் புள்ளி கொடுக்கும் திட்டத்தில், சிலர் பக்கத்துப் பக்கத்து ஸ்டாண்டுகளுக்கு இடையே வண்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் புள்ளி சேர்த்தது 2024-இல் செய்தியானது. ஆட்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே வண்டி ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தால் புள்ளி இல்லை என்று விதி வைத்தாலே அது பாதி அடங்கிவிடும்.

என்னை நிஜமாகவே சோர்வடைய வைத்தது வேறு. கிளம்பும்போது நான்கு புள்ளி காட்டிய ஸ்டாண்டு, மூச்சுவாங்க ஏறிப் போய்ச் சேரும்போது பூஜ்யம் ஆகியிருக்கும். நடுவில் யாரோ இரண்டு பேர் வண்டியை விட்டிருப்பார்கள், சரி, அது அவர்கள் தப்பில்லை. ஆனால் பூட்டைத் திறக்கும்போது காட்டுகிற புள்ளியை அரை மணி நேரத்துக்காவது அப்படியே உறுதி செய்து கொடுங்கள். என்னோடு சேர்ந்து ஆரம்பித்த இரண்டு நண்பர்கள் இதனால்தான் நிறுத்திவிட்டார்கள்.