விட்டதை மறுபடி தொட: தினம் விளக்கா, அமாவாசை பூசையா?

அப்பத்தா சொல்லிக்கொடுத்த மந்திரிப்பு, உருப்போடுறது, திருஷ்டி சுத்துறது எல்லாம் கல்யாணம் பிள்ளைன்னு ஆனதுல ஏழு வருசம் விட்டுப்போச்சு, போன ஆடியில திரும்ப எடுத்தேன். எங்கிட்டு இருந்து ஆரம்பிக்கன்னு நெறைய பேரு கேக்குறீங்க, தினம் விளக்கேத்தி மந்திரம் உருப்போடுறது, அமாவாசைக்கு அமாவாசை பெரிய பூசை போடுறதுன்னு ரெண்டையும் செஞ்சவளா சொல்றேன்.

செலவு
விளக்கு: அகல், திரி, கொஞ்சம் நல்லெண்ணெய்.
அமாவாசை: பூசணி, எலுமிச்சை, படிகாரம், சாம்பிராணி, பூ. கடைவீதிக்கு ஒரு நடை.

நேரம்
விளக்கு: 10 நிமிசம்.
அமாவாசை: சாயங்காலம் பூரா போயிரும்.

நிலைக்கிறது
விளக்கு: ஒருநா விட்டா மறுநா ஏத்திக்கலாம்.
அமாவாசை: 29, 30 நாளைக்கு ஒருக்கா தான் வருது, ஒண்ணு தவறுனா ரெண்டு மாச இடைவெளி. எனக்கு ஆவணி தவறிருச்சு, புரட்டாசில உக்காந்தா மந்திரம் பாதியில நாக்குல வரல, அப்படியே அழுதுட்டேன்.

ஆனா மனசு நெறையறது அமாவாசையில தாங்க. அழகர்கோயில்ல பதினெட்டாம்படி கருப்பு, அங்க சந்தனம் பூசுன கதவு தான் சாமி, கும்பிட்டு வந்து பிள்ளைக்கு சுத்தி படிகாரத்தை நெருப்புல போடுவேன். தண்ணிச்சத்து ஆவியாகித்தான் பொங்குதுன்னு தெரியும், தெரிஞ்சும் அதுல என்ன உருவம் வருதுன்னு அப்பத்தா மாதிரியே குனிஞ்சு பாக்குறேன்.

வருசக்கணக்கா விட்டவங்க, கைப்பிள்ளைக்காரங்க விளக்குல ஆரம்பிங்க. மந்திரம் இன்னும் மனப்பாடமா இருக்கவங்க நேரா அமாவாசைக்கே போகலாம். நான் விளக்கு மட்டும் ஏத்தி உருப்போட்டு, தை அமாவாசைக்குத்தான் மறுபடி பெரிய பூசை போட்டேன், ஒரு வரி கூட தவறல.