ஒவ்வொரு பவளத்திட்டுக்கும் தனிப் பக்கம்: ஆஸ்திரேலியக் கடல் அறிவியல் நிறுவனத்தின் கண்காணிப்புத் தளம்

கிரேட் பேரியர் ரீஃப் பற்றிய செய்திகளில் மொத்தப் பகுதிக்கும் ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்த நிறுவனத்தின் 2025 அறிக்கையில் வடபகுதியின் கடின பவளப் பரப்பு, அதாவது திட்டின் தரையில் உயிருள்ள கடின பவளம் மூடியிருக்கும் பங்கு, 39.8 சதவீதத்திலிருந்து 30-க்கு இறங்கியிருந்தது, உடனே "கால் பங்கு போச்சு" என்று ஒருவர், "பத்துப் புள்ளிதானே" என்று இன்னொருவர், இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் அதே அறிக்கையில் ஆய்வு செய்த 124 திட்டுகளில் 48 சதவீதத்தில் சரிவு, 42 சதவீதத்தில் பெரிய மாற்றமில்லை, 10 சதவீதத்தில் ஏற்றம். சராசரி இதைக் காட்டவே காட்டாது.

நிறுவனத்தின் இந்த இலவசக் கண்காணிப்புத் தளம் எனக்குப் பிடித்திருப்பது அதனால்தான். வரைபடத்தில் லிசார்ட் தீவைத் தட்டினால் அந்தத் திட்டின் கதை மட்டும் வருகிறது: பவளப் பரப்பு எந்த ஆண்டு எவ்வளவு, பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீன் எவ்வளவு இருந்தது. 1980-களிலிருந்து சேர்த்த தரவு. முக்குளிப்பவரைப் படகு திட்டைச் சுற்றி மெல்ல இழுத்துப் போகும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்று அவர் பார்த்ததைக் குறித்துக்கொள்வார். அப்புறம் 1990-களிலிருந்து சில திட்டுகளில் நிலையான இடங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து 50 மீட்டர் கோடுகள், திரும்பத் திரும்ப அதே கோட்டில் படம் எடுக்கிறார்கள். இடம் மாறாததால் தெரிகிற வித்தியாசத்தைக் காலத்தின் கணக்கில் எழுத முடிகிறது, உள்ளூர் அளவில் பேச இதுதான் உயிர். முதல் முறை அகலமானது ஆனால் தோராயம், இரண்டாவது குறுகலானது ஆனால் துல்லியம், ஆகவே இரண்டின் எண்களையும் ஒரே வரைபடக் கோட்டில் ஒட்டிவிடாதீர்கள்.

வரைபடக் கோட்டைச் சுற்றியுள்ள நிழல் பட்டையையும் பாருங்கள், மதிப்பீடு எவ்வளவு நிச்சயமில்லாதது என்பதை அதுதான் காட்டுகிறது. பட்டை அகலமாக இருக்கும்போது இரண்டு மூன்று சதவீதப் புள்ளி இறங்கியதை வைத்து அழிவு என்றோ, ஏறியதை வைத்து மீட்சி என்றோ சொல்ல முடியாது.

சரி, பரப்பு என்பது எவ்வளவு பவளம் என்று சொல்லுமே தவிர எந்தப் பவளம் என்று சொல்லாது. வேகமாக வளரும் அக்ரோபோரா என்ற பவள இனம் வந்து நிரப்பினால் கோடு மேலே போகும், புயலிலும் வெப்பத்திலும் முதலில் விழுவதும் அதே அக்ரோபோராதான். 2022-ல் வட, மத்தியப் பகுதிகளில் 36 ஆண்டுகளில் இல்லாத உயரத்தைத் தொட்டதில் பெரும்பங்கு இதனுடையது. நிலையான இடங்கள் உள்ள திட்டு என்றால் பவள வகைகளின் விவரத்தையும் திறந்து, மொத்தக் கோட்டின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.