யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்திய அனுபவம்

ஓகஸ்ட்டில் மூன்று கிழமை லீவில் ஊருக்குப் போயிருந்தேன். கல்வியங்காட்டில் அக்கா வீட்டுக் கொம்பியூட்டரில்தான் மருமகளின் ஏ.எல். நோட்ஸ், பாஸ்ட் பேப்பர், சூம் வகுப்புப் பதிவுகள் எல்லாம் இருக்கின்றன. விண்டோஸ் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கில். அதே பெட்டிக்குள் கூடவே ஒரு பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்தது. அதில் அம்மாவின் படங்களைப் போட்டுவைப்போம் என்று கழற்றி, என் லாப்டொப்பில் செருகி, டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் கிளீன் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்து, முழுதாக ஃபோர்மட் செய்து திருப்பி மாட்டினேன். கறுப்புத் திரை, பூட் டிவைஸ் (விண்டோஸைத் தொடங்கும் டிஸ்க்) இல்லை என்று ஒரு வரி, அவ்வளவுதான். எஸ்எஸ்டியை நான் தொடவே இல்லை. மருமகள் ஒன்றும் சொல்லாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதுதான் தாங்க முடியவில்லை.

நல்லூர்த் திருவிழாக் காலம், கோயிலடி வீதிகள் மூடியிருந்ததால் பெட்டியை மடியில் வைத்தபடி ஓட்டோவில் சுற்றித்தான் டவுனுக்குப் போனேன். முதல் கடையில் பெட்டியைத் திறக்காமலே, எஸ்எஸ்டி போய்விட்டது, புதிது போடவேண்டும், உள்ளே இருந்ததை எடுக்க முடியாது என்றார்கள். ஒரு பிள்ளையின் இரண்டு வருடப் படிப்பை அப்படி எழுந்தமானமாகச் சொல்லக்கூடாது. கோபத்தோடு வெளியே வந்தேன்.

ஸ்ரான்லி வீதிப் பக்கம் இன்னொரு சின்னக் கடை. அங்கே நின்ற பெடியன் முதலில் கேட்டது, "அண்ணை, கடைசியா என்ன செய்தனீங்கள்?" சொன்னேன். விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் பயாஸ் திரைக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயரைக் காட்டி, "டிஸ்க் உயிரோடதான் இருக்கு" என்றார். விண்டோஸ் போட்ட நாளில் இரண்டு டிஸ்கும் மாட்டியிருந்திருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன், அதாவது பூட் ஃபைல்களுக்கென்றே ஒதுக்கிய சின்னப் பகுதி, இருந்ததால் விண்டோஸ் தன் பூட் ஃபைல்களை அதற்குள் வைத்துவிட்டது. நான் துடைத்தது அதைத்தான்.

அப்புறம் அவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எஸ்எஸ்டியை வேறு மெஷினில் மாட்டி, நோட்ஸ் எல்லாவற்றையும் முதலில் கொப்பி எடுத்தார். பிறகு ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட் எஃப்10 அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, எஸ்எஸ்டியைக் கொஞ்சம் சுருக்கி 260 எம்பியில் ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று உண்டாக்கினார். அதற்கு எஸ் என்று எழுத்துக் கொடுத்து, பூட் ஃபைல்களை அதற்குள் திரும்ப எழுத பிசிடிபூட் என்ற கட்டளை, ஒரே வரி. விண்டோஸ் இருக்கும் டிரைவ் அந்தத் திரையில் சி என்ற எழுத்திலேயே இருக்கும் என்றில்லை, டிர் என்ற கட்டளையை அடித்து உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகுதான் என்டர் தட்டினார். ஒரு மணித்தியாலம், 2000 ரூபா.

ஊருக்குப் போய் இப்படி மாட்டிக்கொண்டால், டிஸ்கின் பெயர் பயாஸில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், தெரிந்தால் புது விண்டோஸ் போட உடனே சம்மதிக்காதீர்கள். அம்மாவின் படங்களை அன்றிரவே அந்த 500 ஜிபியில் ஏற்றினேன், மருமகள் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றுக்கும் வருடம் எழுதினாள்.