காட்பாடிப் படியில் ஏறாத பெட்டி

2016 ஏப்ரலில் வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு கடையில் 75 சென்டிமீட்டர் உயர சூட்கேஸ் ஒன்று வாங்கினோம். கரும்பச்சை நிறம், கெட்டியான ஓடு, நாலு சக்கரம். கடைக்காரர் அதைத் தரையில் படுக்கவைத்து மேலே ஏறி நின்றே காட்டினார். "அஞ்சு பேர் துணியும் இது ஒண்ணுலயே அடங்கிடும்மா" என்றார். அடங்கத்தான் செய்தது. எங்கள் கஷ்டமெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

அடுத்த மாதமே ஊட்டி. நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டு பேரும் அத்தையும். சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோ பிடித்து இரவு காட்பாடி ஜங்ஷன் போய்ச் சேரும்போதே நேரமாகிவிட்டது. நீலகிரி எக்ஸ்பிரஸ் அங்கே சில நிமிடம்தான் நிற்கும். மேம்பாலப் படியில் ஏறும்போதுதான் தெரிந்தது, சக்கரம் என்பது சமதரைக்கு மட்டும்தான் என்று. வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கினோம். இரண்டு பேரின் கையும் மாட்டிக்கொண்டதால் பிள்ளைகளைப் பிடிக்க ஆள் இல்லை. சின்னவன் தன் தலையணையைக் கட்டிக்கொண்டு பாதிப் படியில் நின்று அழுகிறான். அத்தை மேலே நின்று, "அந்தக் காலத்துல ஆளுக்கொரு மூட்டை கட்டிக்கிட்டுப் போவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கோபம் வந்தது. ஒன்பது வருடம் கழித்து நானே அங்கேதான் வந்து நிற்கிறேன்.

ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக்கு ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். எடை எங்களுக்கு ஒரு தடவையும் பிரச்சினையாக இருந்ததில்லை. அளவுதான் பிரச்சினை. பெட்டிகளுக்கு 100க்கு 60க்கு 25 சென்டிமீட்டர் என்று ரயில்வே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எங்கள் பச்சைப் பெட்டியின் பருமன் 31. சீட்டுக்கு அடியில் பாதி போய் மீதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ராத்திரி பாத்ரூம் போனவர்கள் அத்தனை பேரும் இடித்துக்கொண்டார்கள். காலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் இன்னும் மோசம். எதிரெதிர் சீட்டில் முழங்காலும் முழங்காலும் உரசும் இடம் அது. 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், பெட்டி எங்கள் கால்களுக்கு நடுவே ஆறாவது ஆள் மாதிரி நின்றுகொண்டே வந்தது. கல்லாறு தாண்டி மலை ஏறுகிற அழகை நான் அந்தப் பெட்டியின் கைப்பிடிக்கு மேலே எட்டித்தான் பார்த்தேன்.

சரி, பெட்டியைத் திட்டிக்கொண்டே இருந்தால் எப்படி. அதன் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டில் இன்று வரை ஒரு விரிசல் இல்லை. ஜிப் ஒரு தடவை பல்லைப் பிடிக்காமல் போனது, பை தைக்கிறவரிடம் கொடுத்து ரன்னர் மட்டும் மாற்றினோம். அவ்வளவுதான் செலவு. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரே அறையில் நாலு நாள் தங்குவதென்றால் அதைத் திறந்து வைத்துவிட்டால் அதுவே பீரோ. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு இது நல்ல பெட்டிதான். நாங்கள் ரயில், பஸ், ஆட்டோ.

விமானத்தில் ஒரே ஒரு தடவை. 2019 டிசம்பரில் சென்னையிலிருந்து டெல்லி. ஆளுக்கு 15 கிலோ, ஐந்து பேருக்கு 75 கிலோ, நமக்கென்ன கவலை என்று குளிர்த் துணி, முறுக்கு, ஊறுகாய் எல்லாவற்றையும் பச்சைப் பெட்டியிலேயே திணித்தேன். மொத்த எடை தாண்டவில்லை. ஆனால் ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாதாம், தூக்குகிறவர்களும் மனிதர்கள்தானே. எங்களுடையது 33. அதில் நாலரைக் கிலோ வெறும் பெட்டியின் எடை. விமான நிலையத் தரையில் பெட்டியை விரித்துப்போட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் பார்க்க உள்பாவாடையும் ஊறுகாயும் இடம் மாற்றிய காட்சியை என் பெண் இன்றும் நடித்துக் காட்டுவாள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதால் அதை வேறு அடிவரைக்கும் தோண்டி எடுத்தோம். திரும்பி வந்ததும் கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். இதுவரை வாங்கிய பயணச் சாமான்களில் அதற்குத்தான் பத்துக்குப் பத்து.

அப்புறம் கொரோனா. இரண்டு வருடம் பெட்டி பரணிலேயே கிடந்தது. வேலூர் வெயிலில் காங்கிரீட் தளத்துக்கு அடியில் பரண் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2022இல் ஏலகிரி போகலாம் என்று இறக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாசலைத் தாண்டி இருபது அடி உருட்டுவதற்குள் சக்கரத்தின் மேல் ரப்பர் கேழ்வரகுப் புட்டு மாதிரி உதிர்ந்து தெருவெல்லாம் கறுப்பாகக் கிடந்தது. எலி கடித்திருக்கும் என்று நினைத்தேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது ரப்பர் இல்லக்கா, பாலியூரித்தேன். ஷூ சோலும் இப்படித்தான். போட்டு நடந்துக்கிட்டே இருந்தா நிக்கும், சும்மா வெச்சா காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டு உள்ளுக்குள்ளேயே செத்துப் போயிடும்." சூடு சேர்ந்தால் இன்னும் சீக்கிரமாம். விலை, நிறம், பூட்டு எல்லாம் விசாரித்து வாங்கினவளுக்குச் சக்கரம் எதில் செய்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கழற்றி மாட்டுகிற மாதிரி திருகு வைத்த சக்கரமா, ஆணியடித்து மூடினதா என்பதையும் பார்த்திருக்க வேண்டும். எங்களுடையது ஆணியடித்தது. ஏலகிரிக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் பெட்டியை மடியில் சாய்த்துக்கொண்டுதான் ஏறினோம்.

அந்தப் பயணத்தில் எங்களைக் காப்பாற்றியது மாமாவின் தோல் பை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். அங்கே கிடைத்த தோலில், தெரிந்தவரிடம் சொல்லித் தைத்து வாங்கியது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, தையல் விடவில்லை. சக்கரம் கிடையாது, தோளில் மாட்டவேண்டியதுதான். குறை என்றால் வெறும் பையே மூன்று கிலோ கனக்கும். ஐப்பசி மழையில் பூஞ்சை பூத்துவிடும், காய்ந்த துணியால் துடைத்து நிழலில் ஆறப்போட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும் என்று மாமா இருந்த வரை தினம் ஒரு தடவை சொல்வார். பார்க்கத் தோல் மாதிரியே இருந்த ரெக்சின் பை ஒன்றும் இடையில் வாங்கினேன். மூன்றாம் வருடம் மேல்தோல் வெயிலில் நின்றவன் முதுகு மாதிரி உரிந்து, துணியெல்லாம் அந்தச் செதில்.

இனி உள்ளே அடுக்குகிற கதை. எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

வலை வைத்த ஜிப் பைகள் ஆறு கொண்ட செட் ஒன்று வாங்கி இரண்டு வருடம் பயன்படுத்தினேன். நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் வீட்டில் வலை நிற்கவில்லை. காரணம் முள்ளுக் கத்தரிக்காய். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கொண்டுபோகாமல் அத்தை ரயில் ஏற மாட்டார். புவிசார் குறியீடு வாங்கின காய், எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதை அடிக்க ஆளில்லை, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். காம்பில் இருக்கிற முள் வலையையும் கிழித்தது, பக்கத்தில் இருந்த சுடிதார் துப்பட்டாவையும் இழுத்தது. அப்போதிலிருந்து பழைய பருத்திப் புடவையைத் தையல்காரரிடம் கொடுத்துச் சுருக்குப் பைகளாகத் தைத்து வாங்கிவிட்டேன். ஆளுக்கு நாலு, ஆளுக்கொரு நிறக் கயிறு. ஜிப் இல்லாததால் கெட ஒன்றுமில்லை, அழுக்கானால் துணியோடு துணியாகத் துவைத்துவிடலாம். நாலாவது வருடம் ஓடுகிறது. கத்தரிக்காய்க்குத் தனியாக மஞ்சள் பை, அது அத்தையின் தோளில்.

துணியைச் சுருட்டி வைத்தால் இடம் மிச்சம் என்பார்கள். டீ ஷர்ட், நைட்டி, பிள்ளைகள் உடைக்குச் சரி. கஞ்சி போட்ட பருத்திப் புடவையைச் சுருட்டினால் போய்ச் சேர்ந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டி தேட வேண்டும். அதை மடித்து மேலாகத்தான் வைக்கிறேன். போகும்போது பையில் கால் பாகம் காலியாக விடுவேன். ஈரத் துண்டும் அழுக்குத் துணியும் திரும்பி வரும்போது ஒன்றரை மடங்காகிவிடுகின்றன.

இனிப்பு விஷயத்தில் பட்டது தனி. 2018இல் திருவனந்தபுரம் சொந்தக்காரர்களுக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ, பிளாஸ்டிக் டப்பாவில், பெட்டிக்குள். படுக்கவைத்த பெட்டியில் ராத்திரி முழுக்க ஜீரா கசிந்து என் கல்யாணப் பட்டில் இறங்கிவிட்டது. பேடா வறண்டுபோய்ச் சேர்ந்தது, புடவை இனிப்பாகப் போய்ச் சேர்ந்தது. இப்போது ஜீரா இனிப்பு எதுவானாலும் மூடி இறுகின எவர்சில்வர் தூக்கில், கையில்.

தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு பாடம் படித்தோம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். கத்திரி வெயிலில் வேலூரில் தண்ணீராக ஓடுவது, 2,240 மீட்டர் உயர ஊட்டியில் குறுகிய வாய் பாட்டிலுக்குள் மெழுகாக நின்றது. குச்சி விட்டுக் குத்தி எடுத்தோம். கீழே இறங்கியதும் உருகி, சரியாக மூடாத மூடி வழியாக வெளியே வந்தது. அகல வாய் டப்பாதான் சரி. இந்தக் கத்திரி வெயிலில் நின்றுகொண்டு ஸ்வெட்டர் எடுத்து வைக்க மனசே வராது என்பது இன்னொன்று. 41 டிகிரியில் கம்பளியைத் தொட்டாலே உடம்பு எரியும், "அங்க போயி என்ன குளிரப் போவுது" என்று இரண்டைக் குறைத்துவிடுவோம். அதனால் ஸ்வெட்டர்களை மார்கழியிலேயே ஒரு சுருக்குப் பையில் கட்டிப் போட்டுவிடுகிறேன். மே மாதம் அதை அவிழ்ப்பதே இல்லை, அப்படியே பைக்குள்.

2023இல் மைசூருக்கு வந்தே பாரத்தில் போனபோது, பாலியூரித்தேனுக்குப் பதில் ஏதோ சக்கரம் ஒட்டவைத்த பச்சைப் பெட்டியைக் கடைசியாக ஒரு தடவை நம்பினேன். மேல் தட்டில் அது ஏறவே இல்லை. கதவு தானாக மூடுகிற வண்டியில், காட்பாடியில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், ஐந்து பேரும் அதுவும் ஏறினதே பெரிய விஷயம்.

2024 மே, மறுபடி ஊட்டி. இந்தத் தடவை இ-பாஸ் எடுத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து வேன். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில். பச்சைப் பெட்டி வரவில்லை. பெரியவளுக்கும் சின்னவனுக்கும் முதுகுப் பை, எனக்கும் அவருக்கும் 55 சென்டிமீட்டர் துணிப் பெட்டி ஒவ்வொன்று, அத்தைக்கு மஞ்சள் பை. மாமாவின் தோல் பையில் ஸ்வெட்டரும் சாப்பாடும், அது வீட்டுக்காரர் தோளில். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பெரியவள் இரண்டு ஜீன்ஸையும் ஒரு ஹேர் டிரையரையும் தானாகவே எடுத்து வெளியே வைத்தாள். காட்பாடி மேம்பாலத்தில் யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை.

பச்சைப் பெட்டி இப்போது கொலு பொம்மைக்கு. கெட்டி ஓடு, பழைய வேட்டி சுற்றி அடுக்கினால் ஒரு பொம்மைக்கும் மூக்கு உடைவதில்லை. சின்னவனின் தலையணைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. மீசை அரும்புகிற வயசிலும் அது இல்லாமல் தூக்கம் வராதாம். எந்தப் பையிலும் அடங்காது, கையில்தான் வருகிறது.